அகதியாய் வாழ்ந்த ஆசான் கொமேனியஸ்

ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைகளில் பயின்றவர்களுக்குக் கொமேனியஸ் என்னும் பெயர் புதியதன்று. நவீன கல்வியின் தந்தை என்றும், பிள்ளைகளுக்கெனப் படங்களோடு பாடநூல் எழுதிப் புகழ்பெற்றவர் என்றும் அவரை நாம் அறிந்திருக்கின்றோம். ஆணும் பெண்ணும், செல்வரும் வறியவரும் ஒருங்கே கல்வி பெறவேண்டும் என 17ஆம் நூற்றாண்டிலேயே வற்புறுத்தியவர் அவர். ஆயினும், அம்மனிதர் தமது 78 ஆண்டு வாழ்வில் 42 ஆண்டுகளை நாடிழந்த அகதியாகவே கழித்தார் என்பதைப் பாடக் குறிப்புகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரியே நமக்கு வேண்டியது. அகதி வாழ்வில் மனிதன் எவற்றையெல்லாம் கொழுகொம்பெனப் பற்றுகின்றான், அவற்றுள் எவை முறிகின்றன, முறியாது நிற்பது எது என்னும் வினாக்களுக்கு அவருடைய வாழ்வு விடை கூறுகின்றது.

யான் ஆமோஸ் கொமேனியஸ் 1592ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதியாகிய மொராவியாவிற் பிறந்தார். அவருடைய குடும்பம் சகோதரர் ஐக்கியம் எனப்பட்ட சிறிய திருச்சபையைச் சேர்ந்தது. 1415இல் தீயிலிடப்பட்ட யான் ஹஸ் என்னும் சீர்திருத்தவாதியின் வழிவந்தோர் 1457இல் அமைத்த சபை அது. எளிமையும் ஒழுக்கமும் கல்வியும் அச்சபையினரின் அடையாளங்கள்.

சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதாகுமுன்னரே தந்தை மறைந்தார்; பின்னர் தாயும் மறைந்தார்; சகோதரிகள் இருவர் மாண்டனர். ஸ்ட்ராஸ்னிட்ஸே என்னும் ஊரில் அத்தையின் வீட்டில் அடைக்கலம் கிடைத்தது. 1605இல் ஹங்கேரியப் படையினர் அவ்வூரையும் எரித்தனர். பொறுப்பாளர்களின் கவனக்குறைவால் தந்தையின் சொத்து கரைந்தது. பதினாறு வயதிலேதான் அவர் இலத்தீன் பாடசாலையின் வாயிலை மிதித்தார். சிறுவர்களோடு வளர்ந்த இளைஞனாக அமர்ந்து, பிரம்படிக்கும் மனனத்துக்கும் இடையிற் கற்ற அந்த அனுபவமே, கல்வி முறையை மாற்றவேண்டும் என்னும் எண்ணத்துக்கு வித்திட்டது. பின்னர் ஜெர்மனியின் ஹேர்போர்ன், ஹைடல்பேர்க் ஆகிய உயர்கல்விக் கூடங்களிற் பயின்று ஊர் திரும்பி, 1616இல் போதகராக அபிஷேகம் பெற்றார். 1618இல் புல்னெக் என்னும் சிற்றூரில் சபைப் பொறுப்பும் பள்ளிப் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே மணமும் புரிந்தார். அமைதியான ஊழியத்துக்கு அவருக்குக் கிடைத்த காலம் மூன்றே ஆண்டுகள்.

எரிந்த ஏடுகள்

அதே 1618இல், பொகீமிய நாட்டின் புரட்டஸ்தாந்தப் பிரபுக்கள் ஹப்ஸ்பேர்க் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். முப்பதாண்டுப் போர் எனப் பின்னர் பெயர்பெற்ற பெருநாசம் அவ்வாறு தொடங்கியது. கிளர்ந்தெழுந்தோர் ஜெர்மானிய இளவரசர் பிரெடெரிக்கைத் தம் அரசராகத் தெரிந்தெடுத்தனர். 1620 நவம்பர் 8ஆம் நாள் பிராக் நகருக்கு அருகே வெண்மலை என்னுமிடத்தில் அவர்களுடைய படை சிதறியது. 1621 ஜூன் 21ஆம் நாள் பிராக் நகரச் சதுக்கத்தில் 27 தலைவர்கள் கொல்லப்பட்டனர். போதகர்கள் தேடப்பட்டனர். புல்னெக் ஊருக்குள் படையினர் புகுந்தபோது, கொமேனியஸ் மனைவியையும் குழந்தையையும் விட்டுத் தலைமறைவானார்.

1622இல் கொள்ளைநோய் பரவியது. அவருடைய இளம் மனைவியும் இரு பாலகரும் அதற்கு இரையாயினர். அடுத்த ஆண்டு, அவர் விட்டுச் சென்ற நூல்கள் புல்னெக் சதுக்கத்திலே குவிக்கப்பட்டு எரியூட்டப்பட்டன. முப்பத்தொரு வயதில் அவருக்கு வீடில்லை, குடும்பமில்லை, ஏடுமில்லை.

கார்ல் ஷெரோட்டின் என்னும் பிரபுவின் காவலில் மறைந்திருந்த அந்நாட்களிலேதான் கொமேனியஸ் எழுத்தாளரானார். தம் தாய்மொழியாகிய செக் மொழியில் அவர் எழுதிய 'உலகின் சிக்கல்வழியும் உள்ளத்தின் பரதீசும்' என்னும் நூல் 1623இல் உருவாகியது. உலகைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகின்றான் ஒரு யாத்திரிகன். மாயக் கண்ணாடி ஒன்றை வழிகாட்டிகள் அவனுக்கு அணிவிக்கின்றனர். அது சற்றே கோணலாக அமைந்துவிட்டபடியால், கண்ணாடியின் கீழ்ப்புறமாக உண்மையையும் அவனாற் காண முடிகின்றது. வணிகர், அறிஞர், போர்வீரர், மதகுருமார், அரசர் எனச் சகல தொழிலினரையும் அவன் பார்க்கின்றான். எங்கும் பகட்டு, எங்கும் வெறுமை. இறுதியில் மரணத்தின் பாதாளத்தைக் கண்டு அவன் நடுங்கி நிற்கையில், தன் உள்ளமாகிய வீட்டுக்குத் திரும்புமாறு ஓர் அழைப்பு வருகின்றது. அங்கே கிறிஸ்துவை அவன் சந்திக்கின்றான். செக் இலக்கியத்தின் தலையாய உரைநடை நூல்களுள் ஒன்றாக இதனை அம்மொழியினர் இன்றும் போற்றுகின்றனர்.

1625இல் எழுதிய வேறொரு நூல் இதனினும் நமக்கு முக்கியமானது. 'பாதுகாப்பின் மையம்' என்பது அதன் பெயர். உலகை ஒரு சக்கரமாக அங்கே அவர் உருவகிக்கின்றார். சக்கரத்தின் விளிம்பிலே நிற்பவன் ஏறுவான், இறங்குவான், தூக்கியெறியப்படுவான். மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சி குறையும். மையப்புள்ளியோ அசைவதில்லை. அழிவற்ற கடவுளே அந்த மையம். மனிதனின் துயரம் அனைத்தும், அந்த மையத்தை விட்டுத் தன்னிடத்திலோ பிற படைப்புகளிடத்திலோ பற்றுக்கோடு தேடுவதால் விளைவது. இந்த உண்மையை எழுதிய கொமேனியஸ் அப்போது முப்பத்துமூன்று வயதினர். எழுதியதை வாழ்ந்து கற்றுக்கொள்ள அவருக்கு இன்னும் நாற்பதாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன என்பதே அவருடைய வரலாற்றின் உட்கிடை.

எல்லைக்கு அப்பால்

1628 பெப்ரவரி மாதக் குளிரில், கொமேனியஸ் இரண்டாம் மனைவியோடும் சபையினர் சிலரோடும் மலை எல்லையைக் கடந்து போலந்துக்குள் நுழைந்தார். எல்லையில் நின்று தாய்நாட்டைத் திரும்பிப் பார்த்து, அங்கே தமது விசுவாசத்தின் வித்து அழியாதிருக்கவேண்டும் என முழந்தாளிட்டு வேண்டினார் என அச்சபையினரின் மரபு கூறும். அவர் மீண்டும் அந்த மண்ணிற் குடியிருக்கவில்லை.

லெஸ்னோ என்னும் போலந்து நகரம் அகதிகளுக்கு இடங்கொடுத்தது. அங்கே கொமேனியஸ் பாடசாலையில் கற்பித்தார். அவருடைய பெருங் கல்வி நூல் முதலிற் செக் மொழியிலேயே எழுதப்பட்டது என்பது கவனத்துக்குரியது. நாளையோ மறுநாளோ நாடு திரும்புவோம், அழிந்த பள்ளிகளை மீளக் கட்டுவோம், அதற்கு ஒரு திட்டம் கைவசம் வேண்டும் என்னும் நோக்கே அதற்குக் காரணம். திரும்பும் நாள் தள்ளிப்போகவே, அதே நூலை எல்லா நாட்டாருக்குமாக இலத்தீனில் விரித்து எழுதினார். 1631இல் வெளிவந்த அவருடைய இலத்தீன் பாடநூல் சில ஆண்டுகளிலேயே ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டது. சொந்த ஊரிற் பள்ளி நடத்த முடியாதவரின் நூல், கண்டமெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் இருந்தது.

புகழ் அவரை அலையவைத்தது. 1641இல் இலண்டனுக்கு அழைக்கப்பட்டார். உள்நாட்டுப் போர் மூண்டதால் அடுத்த ஆண்டே வெளியேறினார். ஒல்லாந்தில் தத்துவஞானி டெக்கார்ட்டைச் சந்தித்து நெடுநேரம் உரையாடினார். பின்னர் சுவீடனின் அழைப்பை ஏற்று, அதன் பள்ளிகளுக்குப் பாடநூல் எழுதும் பணியில் எல்பிங் நகரில் ஆறாண்டுகள் உழைத்தார். பாடநூல் எழுதுவதில் அவர் முழுமனத்தோடு இருக்கவில்லை. சுவீடனின் வாள் தம் மக்களுக்கு ஊர் திரும்பும் வழியைத் திறக்கும் என்னும் எதிர்பார்ப்பே அவரை அப்பணியிற் கட்டிவைத்தது.

மன்னரும் தீர்க்கதரிசிகளும்

இவ்விடத்தில் கொமேனியஸின் பெரும் பலவீனத்தைக் கூறியாகவேண்டும். பெரியார் வரலாறுகளை எழுதுவோர் பலர் இதனை மூடிவிட்டுச் செல்வர். மூடுவது அவருக்கும் நன்மையன்று, நமக்கும் நன்மையன்று.

நாடிழந்த அக்காலத்து மக்களிடையே, காட்சி கண்டதாகக் கூறும் தீர்க்கதரிசிகள் பலர் தோன்றினர். கிறிஸ்தோப் கொட்டர் என்னும் தோல் பதனிடுபவர் ஒருவர். கிறிஸ்தீனா பொனியாத்தோவ்ஸ்கா என்னும் இளம்பெண் ஒருவர். மிக்குலாஷ் டிராபிக் என்னும் முன்னாட் போதகர் ஒருவர். ஹப்ஸ்பேர்க் ஆட்சி வீழும், அரசர் பிரெடெரிக் மீள்வார், நாடிழந்தோர் வீடு திரும்புவர் என்பதே இவர்கள் கூறியவற்றின் சாரம். கொமேனியஸ் இவர்களை நம்பினார். 1626இல் கொட்டரின் காட்சிகளைத் தாமே ஹேக் நகருக்கு எடுத்துச் சென்று, அங்கு அகதியாயிருந்த பிரெடெரிக்கிடம் சமர்ப்பித்தார். பொனியாத்தோவ்ஸ்காவைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். டிராபிக்கோ அவருடன் சிறுவயதிற் படித்தவர். ஒழுக்கத்தில் நற்பெயர் இல்லாதவர். ஆயினும் அவருடைய வாக்கையும் கொமேனியஸால் தள்ள முடியவில்லை.

1632 நவம்பரில் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ப் போர்க்களத்தில் வீழ்ந்தார். அதே மாதத்திற் பிரெடெரிக்கும் நோயால் இறந்தார். வாக்குகள் பொய்த்தன, புதிய வாக்குகள் வந்தன. 1648இல் வெஸ்ட்பாலியா உடன்படிக்கை கைச்சாத்தாகியது. மதநிலையைத் தீர்மானிக்க 1624ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொள்வதென வல்லரசுகள் முடிவுசெய்தன. ஹப்ஸ்பேர்க் பரம்பரை நாடுகளுக்கோ அந்த விதிகூடப் பயனளிக்கவில்லை. சுவீடனின் முதல்வர் ஒக்சென்ஸ்டியேர்னாவுக்குக் கொமேனியஸ் மனம் நொந்து கடிதங்கள் எழுதினார். பயனில்லை. எங்கோ ஒரு மண்டபத்தில், அவர்களைக் கேளாமலே, ஒரு பந்தியில் அவர்களுடைய தாயகம் எழுதித் தள்ளப்பட்டது. அதே ஆண்டில் இரண்டாம் மனைவியும் லெஸ்னோவில் மறைந்தார். அதே ஆண்டிலேயே அவர் தம் சபையின் தலைமை ஆயரானார். அப்பொறுப்பை அவருக்குப் பின் ஏற்க எவரும் இரார் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1650இல் அவர் எழுதிய சிறுநூலொன்றில், சகோதரர் ஐக்கியம் மரணப் படுக்கையில் இருக்கும் தாயாகப் பேசித் தன் பிள்ளைகளுக்கும் அயற் சபைகளுக்கும் தன் உடைமைகளைப் பகிர்ந்தளிக்கின்றது.

இத்தனைக்குப் பின்னும் அவர் மன்னரை நம்புவதை விடவில்லை. 1650 முதல் 1654 வரை ஹங்கேரியின் ஷாரோஷ்பட்டாக் நகரிற் பள்ளியைச் சீரமைத்தார். படங்களாலான புகழ்பெற்ற பாடநூல் அங்கேதான் உருவாகியது. 1658இல் நூரம்பேர்க்கில் அச்சேறியது. அவ்வூரின் ராக்கோட்சி குடும்பத்து இளவரசரும் ஹப்ஸ்பேர்க்கை வீழ்த்துவாரென டிராபிக் கூறியிருந்தார். அவரோ 1657இல் போலந்தின்மீது படையெடுத்துத் தோற்று, 1660இல் போர்க் காயங்களால் மாண்டார்.

1655இல் சுவீடனின் புதிய மன்னர் பத்தாம் சார்ள்ஸ் போலந்துக்குட் படையோடு புகுந்தார். கொமேனியஸ் அம்மன்னரைப் புகழ்ந்து ஒரு வாழ்த்துரை எழுதினார். இருபத்தேழு ஆண்டுகளாகத் தமக்கு அடைக்கலம் தந்த நாட்டின்மீது படையெடுத்தவருக்கு அளித்த வாழ்த்து அது. 1656 ஏப்ரல் இறுதியில் போலந்துப் படையினர் திரும்பி வந்து லெஸ்னோவைத் தீக்கிரையாக்கினர். கொமேனியஸ் உயிர்தப்பினார். வீடும், நூலகமும், கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. மாணவப் பருவத்திலிருந்து 44 ஆண்டுகளாகத் தொகுத்துவந்த செக் மொழி அகராதியும் அதில் அடங்கும். தாம் உயிரோடிருக்கும்வரை அந்த இழப்புக்காக வருந்துவது ஓயாதென அவர் எழுதியுள்ளார்.

இவ்வளவு கற்ற ஒருவர் எவ்வாறு மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினார் என நகைப்பது எளிது. அக்காலத்து அறிஞர் பலர் நகைத்தனர். நாடிழந்தவர்கள் நகைக்கமாட்டார்கள். ஊர் திரும்பும் நாளை யார் கூறினும், அவர் கண்டறிந்து கூறுகின்றாரா, கனவிற் கூறுகின்றாரா என ஆராயும் ஆற்றல் ஏங்கும் செவிக்கு இருப்பதில்லை. கொமேனியஸின் தவறு, கடவுளை நம்பியதன்று. கடவுளின் பெயரால் நாளும் மாதமும் குறித்துக் கொடுத்தவர்களை நம்பியதே தவறு. அவரே எழுதிய உருவகத்தின்படி கூறின், மையத்தைத் தேடியவர் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

ஒன்றே தேவை

எரிந்த நகரிலிருந்து தப்பிய 64 வயது முதியவர் அம்ஸ்டர்டாம் சேர்ந்தார். டி கியர் என்னும் செல்வக் குடும்பம் அவரை ஆதரித்தது. சமாதானத்தைப் போதித்த அந்த முதியவரை ஆதரித்த செல்வம், ஆயுத வணிகத்தால் ஈட்டப்பட்டதாகும். மனித வாழ்வு இத்தகைய முரண்களிலிருந்து எளிதில் விடுபடுவதில்லை. 1657இல் அவருடைய கல்வி நூல்களின் பெருந்தொகுதி வெளிவந்தது. அதே ஆண்டில், தீர்க்கதரிசிகள் மூவரின் வாக்குகளையும் தொகுத்து அவர் வெளியிட்டார். ஏளனமும் எதிர்ப்பும் பெருகின. 1667இல் இங்கிலாந்தும் ஒல்லாந்தும் பிரேடா நகரிற் சமாதானம் பேசியபோது, இரு தரப்பாரையும் நோக்கிச் சமாதானத்தை வேண்டி ஒரு நூல் எழுதினார்.

1668இல், எழுபத்தேழாவது வயதில், இறுதிக் கணக்கை ஒப்புவிப்பதுபோல் அவர் எழுதிய நூலின் பெயர் 'ஒன்றே தேவை'. பெத்தானியாவில் மார்த்தாளின் வீட்டில் இயேசு கூறியதிலிருந்து எடுத்த தலைப்பு அது. தம் வாழ்நாள் முழுதும் சிக்கல்வழிகளில் அகப்பட்டதை அந்நூலில் அவர் மறைக்காமல் ஒப்புக்கொள்கின்றார். கல்விப் பணியும் ஒரு சிக்கல்வழி. சபைகளை ஒற்றுமைப்படுத்த உழைத்ததும் ஒரு சிக்கல்வழி. தீர்க்கதரிசன வெளியீடும் அவ்வாறே. அவ்வாக்குகள் பொய்யென அவர் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆயினும் அவற்றின்மீது அவர் சாய்ந்து நிற்கவுமில்லை. தமக்கு நிலையான வீடோ நாடோ இருந்ததில்லை, எங்கும் விருந்தாளியாகவே இருந்தோம் என்பதை அமைதியோடு ஏற்று, இனித் தமக்கு வேண்டியது கிறிஸ்து ஒருவரே எனத் தீர்மானிக்கின்றார். 1625இன் மறைவிடத்தில் அவர் கண்ட அசையாத மையம் அதுவே. இளைஞராய் அதனை அறிவாற் கண்டவர், முதியவராய் மற்றெல்லாம் கைவிட்ட பின்னர் அதில் இளைப்பாறினார்.

1670 நவம்பர் 15ஆம் நாள் கொமேனியஸ் அம்ஸ்டர்டாமில் மறைந்தார். அடுத்த ஆண்டு டிராபிக், இன்றைய பிராத்திஸ்லாவா நகரில், தம் தீர்க்கதரிசனங்களுக்காகத் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியைக் கேளாமலே நண்பர் போய்விட்டிருந்தார்.

கொமேனியஸ் வேண்டியவற்றுட் பல நிறைவேறவில்லை. ஆனால், எல்லையில் வேண்டியதாகக் கூறப்படும் அந்த வித்து அழியவில்லை. மொராவியாவில், அவர் போதகராயிருந்த புல்னெக் ஊரின் சுற்றுப்புறங்களில், ஒரு நூற்றாண்டாக மறைவிற் செபித்துவந்த குடும்பங்கள் 1722 முதல் எல்லை கடந்து, சாக்சனி நாட்டில் சின்சென்டோர்ப் பிரபுவின் நிலத்திற் குடியேறின. கொமேனியஸின் பேரனாகிய டானியேல் யாப்லோன்ஸ்கி பெர்லினில் ஆயர் மரபைக் காத்து வைத்திருந்தார். 1735இல் அவர் அக்குடியேறிகளுள் ஒருவரை ஆயராக அபிஷேகம் செய்தார். இறந்துவிட்டதெனக் கொமேனியஸ் உயில் எழுதிய சபை மீண்டும் எழுந்தது. அச்சபையினர் உலகின் பல பாகங்களுக்கும் சென்றனர். 1760இல் நம் தமிழ் மண்ணின் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தனர். மனித குலத்தைச் சீர்திருத்த அவர் எழுதிய ஏழு பாகப் பெருநூலின் கையெழுத்துப் படி, ஏறத்தாழ 260 ஆண்டுகள் தொலைந்து கிடந்து, 1930களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் ஹாலே நகர நூலகமொன்றில் அகப்பட்டது. அவர் பிறந்த நாள் இன்று செக் நாட்டில் ஆசிரியர் தினமாகும்.

இவை எவற்றையும் அவர் காணவில்லை. எந்தத் தீர்க்கதரிசியும் இவற்றை முன்னறிந்து அவருக்குக் கூறவுமில்லை. நாள் குறித்துத் தந்த வாக்குகள் அனைத்தும் பொய்த்தன. நாள் குறிக்காமல் ஒப்படைத்த வேண்டுதல் மட்டும் அவருக்குப் பின்னர் பலித்தது. விசுவாசிகளுக்கு இதில் ஆறுதல் உண்டு. விசுவாசமற்றோரும், திரும்பும் நாளைத் தன்னிடம் கேட்குமாறு கூறும் எவரையும் ஒருமுறைக்கு இருமுறை உற்று நோக்க இதிலிருந்து கற்கலாம்.

அம்ஸ்டர்டாமுக்கு அண்மையிலுள்ள நார்டென் என்னும் சிறு நகரில் அவருடைய கல்லறை இருக்கின்றது. அவரை அடக்கஞ்செய்த தேவாலயம் ஒல்லாந்தருடையதுமன்று, செக் மக்களுடையதுமன்று. மதத்தின் பெயரால் வீடிழந்து வடக்கே ஓடிவந்த பிரெஞ்சு மொழியினரின் வழிவந்த சபைக்குரியது அது. ஓர் அகதிக்கு வேறோர் அகதிக் கூட்டம் ஆறடி நிலம் கொடுத்தது. ஒல்லாந்தில் வாழும் நம்மவர்கள், விடுமுறை நாளொன்றிற் பிள்ளைகளோடு சென்று அதனைப் பார்த்து வரலாம்.